ஏஜென்சி வேலையோடு சொந்தப் பொடி வியாபாரம்: விளம்பரத்துக்கு எப்போது காசு போடலாம்?

கோபிப்பொண்ணு:

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் இருக்கிறேன், மெட்டா, கூகுள் விளம்பரம் முழுக்க என் பொறுப்பு. துணிக்கடை, பல் ஆஸ்பத்திரி, வீட்டுமனை என்று எல்லா வகைக் கிளையன்ட்டும் உண்டு. மாதாமாதம் லட்சக்கணக்கில் விளம்பரக் காசு என் கையால் செலவாகிறது. அடுத்தவர் பொருளை விற்றுக் கொடுக்கிற நம்மால் சொந்தமாக ஒன்றை விற்க முடியாதா என்ற எண்ணம் ரொம்ப நாளாக உண்டு, இப்போது அது தூங்கவிடாத அளவுக்கு வந்துவிட்டது.

பொருளும் கையில் இருக்கிறது. அம்மா கோபியில் இருக்கிறார். அவர் செய்யும் கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி மூன்றுக்கும் சொந்தபந்தத்தில் நல்ல பெயர். பெங்களூரில் இருக்கும் சித்தி மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் ஆபீஸ் தோழிகளுக்கும் சேர்த்து வாங்கிப் போகிறாள், காசு கொடுத்துத்தான். சேமிப்பு 3 லட்சம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்குவதா, வேலையில் இருந்துகொண்டே செய்வதா? விளம்பரத்துக்கு எந்தக் கட்டத்தில் காசு போடலாம்? இன்னொரு விஷயம், ஆபீஸ் கிளையன்ட் ஒருவர் "நீங்கள் தனியாக வந்தால் எங்கள் அக்கவுன்ட்டை உங்களிடமே கொடுத்துவிடுகிறோம்" என்கிறார். பொடி ஓடும் வரைக்கும் அந்த வருமானம் கைகொடுக்குமே என்று தோன்றுகிறது. ஆனால் ஆஃபர் லெட்டரில் வேறு வேலை செய்யக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்:

வேலையை இப்போது விடாதீர்கள். காரணத்தைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் நம் துறையில் இருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தக் கணக்கைத்தான்.

200 கிராம் பொடி ஒரு பாக்கெட் 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பருப்பு, மிளகாய், எண்ணெய், கேஸ், கவர், ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 60 ரூபாய். இரண்டு பாக்கெட் ஆர்டர் என்றால் 280 வரவு, 120 அடக்கம். கூரியர் அரைக் கிலோவுக்குள் இருந்தால் ஒரு 60 ரூபாய், ஆன்லைனில் காசு வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்த்து ஏறக்குறைய 7 ரூபாய். மிஞ்சுவது 93. இப்போது ரோஆஸ், அதாவது விளம்பரத்துக்குப் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வரும் விற்பனை, 3 வருகிறது என்று வையுங்கள். ஆபீஸில் 3 வந்தால் கிளையன்ட்டுக்கு ரிப்போர்ட்டைச் சந்தோஷமாக அனுப்புவோம் அல்லவா? 280-க்கு 3 என்றால் விளம்பரச் செலவு அதே 93 ரூபாய். கையில் பூஜ்யம். அந்த 93-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 17 ரூபாய், நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுக்காதவரை அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆக ஒவ்வொரு ஆர்டருக்கும் 17 ரூபாய் கைக்காசு போகிறது, அதுவும் புது பிராண்டுக்குக் கிடைப்பதற்கே அரிதான ரோஆஸில்.

மூன்று பாக்கெட் காம்போ போடலாமே என்று தோன்றும். 600 கிராமும் பெட்டி எடையும் சேர்ந்தால் கூரியரில் அடுத்த ஸ்லாபுக்குப் போய்விடும். பெட்டி பெரிதாக இருந்தால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து வால்யூமெட்ரிக் எடை என்று போடுகிற கூரியர்களும் உண்டு. கூரியர் காசைத் தனியாகக் கேட்டால் கார்ட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் கூடிவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை.

அதனால் இந்த வியாபாரம் நிற்பதும் விழுவதும் முதல் ஆர்டரில் இல்லை, இரண்டாவது ஆர்டரில்தான். வாங்கினவர் பாக்கெட் தீர்ந்ததும் வாட்ஸ்அப்பில் தானாக வந்து கேட்கிறாரா? அந்த ஆர்டருக்கு விளம்பரச் செலவே கிடையாது. எத்தனை பேர் அப்படித் திரும்பி வருகிறார்கள் என்று தெரியாமல் விளம்பரத்துக்குக் காசு போட்டால், முதல் ஆர்டரில் எவ்வளவு நஷ்டம் தாங்கலாம் என்பதே உங்களுக்குத் தெரியாது. யாருக்குக் காட்டினால் விற்கும் என்று மெட்டா கற்றுக்கொள்ளும் கட்டத்தை, அதாவது ஆட் செட் லேர்னிங்கைத் தாண்ட வாரத்துக்கு 50 கன்வெர்ஷன் (ஆர்டர்) போல வேண்டும். ஒரு ஆர்டருக்கு 150 ரூபாய் ஆகிறது என்றால் வாரம் 7,500. உங்கள் 3 லட்சம் ஒரு வருடத்துக்குக்கூடத் தாங்காது.

ஆரம்பத்தில் கேஷ் ஆன் டெலிவரியும் வேண்டாம். திரும்பி வந்தால் போகவர இரண்டு கூரியர் செலவும் உங்கள் தலையில், சாப்பாட்டுப் பொருளை மறுபடி அடுத்தவருக்கு அனுப்பவும் மனசு வராது.

திருப்பூர் கணக்கர்:

ஆஃபர் லெட்டர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்ட பிறகு இதே தொழிலைச் செய்யக் கூடாது என்று போடும் நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-ன்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் வேலையில் இருக்கும்போது வேறு வேலை செய்யாதே என்பது செல்லும். கிளையன்ட் விவரங்களை வெளியே கொண்டுபோகாதே என்பதும் அப்படித்தான். இது இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கிளையன்ட்டை நீங்கள் வேலையில் இருக்கும்போதே எடுத்தால் சட்டமும் உங்கள் பக்கம் இல்லை, நியாயமும் இல்லை. கோவை ஏஜென்சி வட்டம் சின்னது, பேச்சு பரவிவிடும். வேண்டாம்.

பொடி வேறு கதை. ஏஜென்சிக்கும் அதற்கும் போட்டி இல்லை. உண்மையில் தயாரிப்பவர் அம்மாதான், தயாரிக்கும் இடமும் கோபிதான், ஆகவே அவர் பெயரில் ப்ரொப்ரைட்டர்ஷிப்பாக (ஒருவரே உரிமையாளர்) தொடங்குவதே பொருத்தம். அப்படியே இருந்தாலும் மேலாளரிடம் ஒரு மின்னஞ்சலில் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள், பிற்பாடு நிம்மதி.

உணவுப் பாதுகாப்புப் பதிவு வீட்டுச் சமையலறைக்கும் கட்டாயம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் அடிப்படைப் பதிவுக்கு வருடத்துக்கு 100 ரூபாய். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம், காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

ஜிஎஸ்டிதான் உங்களுக்கு முக்கியம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் வருட விற்பனை 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்லை. ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு வேண்டும். பெங்களூர்த் தோழிகளுக்கு நேரடியாக அனுப்பப் போகிறீர்கள் என்றால் இதை யோசித்துத்தான் இறங்க வேண்டும். புதுச்சேரியும் இதில் வெளிமாநிலக் கணக்குதான், நம்மூர் ஆட்கள் நிறைய பேர் மறந்துவிடுவார்கள். இன்னொன்று, உங்கள் பெயரில் தொடங்கி நஷ்டம் வந்தால் அதைச் சம்பள வருமானத்தில் கழித்து வரியைக் குறைக்க முடியாது. கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் வரும் வருடங்களின் வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மதுரை ஊறுகாய்க்கடை:

தங்கச்சி, நொய்யல் அண்ணன் போட்ட கணக்கில் ஒன்று விட்டுப்போச்சு. அந்த 60 ரூபாய்க்குள் அம்மாவின் கூலி எங்கே? கொள்ளைக் கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, வாசம் வரும் வரை வறுத்து, ஆறவைத்து அரைப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். வீட்டுக்குச் செய்வது வேறு, ஆர்டருக்குச் செய்வது வேறு. ஆள் வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்களோ அதை அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே எழுதுங்கள், கையில் கொடுத்தும் விடுங்கள். அதைச் சேர்த்த பிறகு 140 ரூபாய் கட்டுப்படியாகவில்லை என்றால் விலை 160 ஆகட்டும். அம்மாவின் உழைப்பை இனாமாக வைத்து விலை போட்டால், நாளைக்கு அவருக்கு உடம்பு முடியாமல் ஆள் வைக்கும்போது ஒவ்வொரு பாக்கெட்டும் நஷ்டமாகும்.

அடுத்தது, "அம்மா கைப்பக்குவம்" என்பதைத் தராசில் ஏற்றுங்கள். கொள்ளு எத்தனை கிராம், மிளகாய் எத்தனை, உப்பு எத்தனை, எவ்வளவு நேரம் வறுத்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். போன தடவை மாதிரி இல்லையே என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் அவர் அடுத்து வரமாட்டார். கொப்பரை போடுகிற பொடி சீக்கிரம் காறிப்போகும், கறிவேப்பிலையில் ஈரம் லேசாக இருந்தாலும் கட்டி தட்டும். எனவே மூன்றையும் ஒரே நேரத்தில் விற்க வேண்டாம், கொள்ளுப் பொடியை மட்டும் முதலில் எடுங்கள். எத்தனை மாதம் தாங்கும் என்பதை ஊகித்துப் போடாமல் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் அறுவடைப்பின்சார் தொழில்நுட்ப மையம் இருக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள். லீவு நாளில் அம்மாவையும் கூட்டிப் போங்கள்.

டேட்டா தம்பி:

நொய்யல் சொன்னதை முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன், ஆனால் விளம்பரமே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். விற்பதற்கு வேண்டாம், தெரிந்துகொள்வதற்கு வேண்டும். சொந்தக்காரர்கள் சொல்லும் பாராட்டை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது, முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முன்பின் தெரியாதவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் ஐடி ஆட்கள் நிறைந்த அபார்ட்மென்ட்டுகளைச் சுற்றி மட்டும் லொக்கேஷன் வைத்து, கிளிக் செய்தால் வாட்ஸ்அப் திறக்கும் விளம்பரம் ஒன்று, நாளுக்கு 200 ரூபாய், இரண்டு வாரம். டெலிவரி சனி ஞாயிறில் நீங்களே வண்டியில் கொடுக்கலாம், கூரியர் மிச்சம். "அரிசிம்பருப்புக்குத் தொட்டுக்க" என்று கொங்குச் சாப்பாட்டை வைத்து ஒரு கிரியேட்டிவ் (விளம்பரப் படமும் வாசகமும்), "ஜிம் போகிறவர்களுக்குப் புரதம்" என்று இன்னொன்று. எதற்கு ஆள் பேசுகிறார்கள் என்று பாருங்கள். கொங்குக்காரர்கள்தான் வாங்குவார்கள் என்று நாம் நினைத்திருப்போம், சென்னையிலிருந்து வந்து தங்கியிருக்கிறவர்கள் கேட்டாலும் கேட்பார்கள்.

ஒரே எச்சரிக்கை. ஃபேஸ்புக் பக்கம், அதை நிர்வகிக்கும் பிசினஸ் போர்ட்ஃபோலியோ, தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் பிக்செல், டொமைன், வாட்ஸ்அப் எண் எல்லாமே உங்கள் சொந்த மெயிலில் தனியாகத் திறங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் தொடவே வேண்டாம். கிளையன்ட் டேட்டாவை வைத்து உருவாக்கிய ஆடியன்ஸை (விளம்பரம் காட்ட வேண்டியவர்களின் பட்டியல்) எடுத்துப் போட்டுப் பார்க்கலாமா என்ற ஆசை வரும், அது திருட்டு.

கோபிப்பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. ரோஆஸ் 3-க்குப் பூஜ்யம் என்ற கணக்கை ஷீட்டில் போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது. அம்மாவின் கூலி 20 ரூபாய் சேர்த்து 160-க்கு மாற்றினால் விளம்பரச் செலவுக்கு முன் கையில் நிற்பது ஏறக்குறைய அதே 93 ரூபாய்தான். கிளையன்ட்டிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். வேலையை விடவில்லை. கொள்ளுப் பொடி மட்டும், அம்மா பெயரில், கோவைக்குள் மட்டும் தொடங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அம்மாவுக்குக் கூலி என்றதும் "எனக்கெதுக்குடி காசு" என்றார், ஆனாலும் விடப்போவதில்லை. மதுரை அக்கா, லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும், கவரிலேயே அச்சடித்துவிடலாமா?

மதுரை ஊறுகாய்க்கடை:

பெயர், உட்பொருட்கள் அளவு அதிகமானதிலிருந்து வரிசையாக, ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், தயாரிப்பவர் முகவரி, புகார் சொல்ல போன் எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி. எல்லோரும் தவறவிடுகிற இடம் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் போட்டிருக்கும். அப்படியானால் உங்கள் லேபிளில் கோதுமை இருக்கிறது என்று ஒவ்வாமைத் தகவலாகப் போட வேண்டும். வேர்க்கடலை சேர்த்தாலும் அப்படியே.

கவரில் இப்போது அச்சடிக்காதீர்கள். அதற்குக் குறைந்தபட்ச அளவு என்று ஆயிரக்கணக்கில் எடுக்கச் சொல்வார்கள். சாதாரண ஜிப் கவர் வாங்கி 500 ஸ்டிக்கர் மட்டும் போடுங்கள், விலையும் எடையும் இரண்டு மூன்று தடவையாவது மாறும்.