அரிய புத்தகத்துக்குத் தனிச் சந்தை: சேலத்துக்கு வேண்டுமா, வேண்டாமா?

பழுப்புத்தாள்:
ஏற்காடு கோடை விழா நடக்கிற அதே வாரத்தில் மலை மேலேயே ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, பழைய அரிய புத்தகங்களுக்கு மட்டும் இரண்டு நாள் சந்தை போடலாம் என்று நாங்கள் சில வியாபாரிகள் பேசிக்கொண்டிருக்கிறோம். புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் போடுகிற புத்தகத் திருவிழா மாதிரி இல்லை. அங்கே பத்து சதவீதத் தள்ளுபடி, சமையல் குறிப்பு, போட்டித் தேர்வு கைடு. அது வேறு கூட்டம். இங்கே 1950க்கு முன்னால் அச்சானது மட்டும்: முதல் பதிப்பு, சினிமா பாட்டுப் புத்தகம், துண்டறிக்கை, வரைபடம், எஸ்டேட் கணக்கேடு.

லண்டனில் 1958லேயே இப்படி ஒரு சந்தையை ஆரம்பித்துவிட்டார்கள், நியூயார்க்கில் 1960ல். டோக்கியோவில் ஜிம்போச்சோ என்று ஒரு பேட்டை முழுக்கப் பழைய புத்தகக் கடைதான், வருஷா வருஷம் தெருவிலேயே அலமாரியைப் போட்டுத் திருவிழா நடத்துகிறார்கள். நம்மிடம் சரக்கு இல்லையா என்ன? 1883ல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு இரண்டு தொகுதி, 1918ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் என்கிற மாவட்ட விவர நூல், நம் ஊர் சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் பாட்டுப் புத்தகங்கள், 1944ல் இதே சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாட்டுக் காலத்து அச்சுத்தாள்கள், இன்னும் என்னென்னவோ யார் வீட்டுப் பரணிலோ கிடக்கிறது. கருத்து சொல்லுங்க. திட்டினாலும் பரவாயில்லை.

குகை வாசகன்:
திட்டத்தான் வந்தேன். இன்றைக்கு நடைபாதையில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற புத்தகம், உங்கள் சந்தை முடிந்த மறுநாள் ஐயாயிரம் ஆகும். பெரியார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பையன் எங்கே போவான்? வாங்குகிறவர் யார் என்றும் தெரியும். கண்ணாடி அலமாரி, மேலே ஒரு விளக்கு, வருகிற விருந்தாளிக்குக் காட்டுவார், ஒரு பக்கம் புரட்ட மாட்டார்.

நம் ஊர்க்காரர் ஒருவர் செய்ததை நினைத்துப் பாருங்க. 1880ல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சா.விடம் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டு, தன்னிடம் இருந்த பிரதியைத் தூக்கிக் கொடுத்தார். விலை பேசினாரா? 1887ல் அது அச்சாகி வந்தது. அப்படித்தான் புத்தகம் பிழைக்கும். மேஜைக்கு மேஜை விலைச்சீட்டு ஒட்டினால் பிழைக்காது.

பழுப்புத்தாள்:
அண்ணா, பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறீர்களே. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளையெல்லாம் நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று அதே உ.வே.சா. வயிறெரிந்து எழுதியிருக்கிறார். அந்த ஏட்டுக்கு அன்றைக்கு ஒரு விலை இருந்திருந்தால் எவனாவது நெய் ஊற்றியிருப்பானா? கொடுக்க மனசுள்ள முதலியார் ஊருக்கு ஒருவர் இருப்பார். மற்ற வீடுகளில் தாத்தா இறந்த மாசமே பேரன் பரணைக் காலி பண்ணுகிறான், பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நிற்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் பழைய கொலுசை உருக்கக் கொடுத்தால் வெள்ளிக்கு மட்டும்தான் காசு, செய்கூலி போச்சு. எடைக்குப் போகிற புத்தகமும் அதே கதிதான். இது ஐயாயிரம் போகும் என்று பேரனுக்குத் தெரிந்தால்தான் அவன் கை நிற்கும். எனக்குத் தெரிந்து வேறெதுவும் அவன் கையை நிறுத்தியதில்லை.

ஏற்காட்டுக்காரி:
சண்டை போடுங்க, ஆனால் எங்கள் ஊரில் வைக்காதீங்க. மே மாதம் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நிற்கும், சாயங்காலமானால் கோடை மழை வேறு. பழைய தாள் ஈரத்தைக் குடிக்கும், அது போதாதென்று ஹாலில் நூறு பேர் மூச்சு விடுவார்கள். இங்கே பங்களா அலமாரிகளைத் திறந்தால் வருகிற பூஞ்சை வாசம் கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. தோல் அட்டைமேல் வெள்ளையாக மாவு பூத்திருக்கும், துடைத்தால் தோலும் கூடவே வரும். உள்ளே ராமபாணப் பூச்சி, எழுத்தை விட்டுவிட்டுப் பசையை மட்டும் தின்றிருக்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பக்கத்து எஸ்டேட் கைமாறினபோது அந்த பங்களா புத்தகமெல்லாம் கிலோ 15 ரூபாய்க்குக் கீழே இறங்கிப் போனது. வேனில் ஏற்றுகிற நேரத்தில் நான் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். காப்பி பயிர் செய்வது பற்றிய பழைய கையேடு, முதல் பக்கமே கிடையாது, விற்கப் போனால் ஒன்றும் தேறாது. ஆனால் ஓரம் முழுக்க யாரோ துரை பென்சிலில் மாசாமாசம் பெய்த மழையை எழுதி வைத்திருக்கிறார், இலைத்துரு நோய் எந்தச் சரிவில் முதலில் வந்தது என்பது உட்பட. அந்த வேனில் இப்படி இன்னும் எத்தனை போயிற்றோ. சந்தை இருந்திருந்தால் வியாபாரி யாராவது முன்கூட்டியே மோப்பம் பிடித்து வந்திருப்பார். குகை சார் இதற்கு என்ன சொல்கிறார்?

குகை வாசகன்:
வியாபாரி வந்திருந்தால் லெ ஃபானுவையும் ரிச்சர்ட்ஸையும் எடுத்துக்கொண்டு, உங்கள் முதல் பக்கம் இல்லாத கையேட்டை அதே வேனில்தான் ஏற்றியிருப்பார், அம்மணி. சந்தைக்குப் பக்கம் குறைந்தால் குப்பை. நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஓய்வுபெற்ற நூலகர்:
இரண்டு பேருமே ஒரு விஷயத்தைத் தொடவில்லை. சரக்கு எங்கிருந்து வருகிறது? 1715ல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலிருந்து 2005ல் காணாமல் போனது. 2022ல்தான் அது லண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைச் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு கண்டுபிடித்துச் சொன்னது. விலை ஏற ஏறத் திருடனுக்கும் அது தெரியும். நான் வேலை பார்த்த காலத்தில், அலமாரியில் இருந்த புத்தகம் கடைவீதியில் எங்கள் முத்திரையோடு விற்பனைக்குக் கிடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முத்திரை இருந்த இடத்தை பிளேடால் சுரண்டியிருந்தால் தாள் அங்கே மெலிந்திருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீள்வட்டமாகத் தெரியும்.

சட்டத்தையும் பாருங்கள். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி 75 வருஷத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் எல்லாம் தொல்பொருள் கணக்கில்தான் வரும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எஸ்டேட் கணக்கேடு விற்கப் போகிறேன் என்கிறீர்களே, சுற்றுலா வந்த வெள்ளைக்காரர் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனால் யார் பொறுப்பு?

பழுப்புத்தாள்:
நல்ல கேள்வி சார், கோபமே இல்லை. இதனால்தான் சந்தை வேண்டும் என்கிறேன். இப்போது வியாபாரம் எங்கே நடக்கிறது? வாட்ஸப் குழுவில், யார் விற்றார் யார் வாங்கினார் என்று ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல். வெளிநாட்டுச் சந்தைகளில் மேஜை போட வேண்டுமானால் வியாபாரி சங்கத்து விதிக்குக் கையெழுத்துப் போட வேண்டும்: குறை இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும், சொன்னபடி இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். திருடு போன புத்தகங்களுக்குப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். நாங்களும் எழுதி வைத்திருக்கிறோம், நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டது என்ற முத்திரையும் கையெழுத்தும் இல்லையென்றால் மேஜைக்கே வராது. கையெழுத்து ஏடுகளை வெளிநாட்டாருக்கு விற்பதில்லை என்பதையும் சேர்த்துவிடுகிறேன். இடத்தைப் பொறுத்தவரை ஏற்காட்டுக்காரி அக்கா சொல்வது சரி, கீழேயே வைத்துக்கொள்ளலாம், ஜனவரியில்.

தறிச்சத்தம்:
அம்மாபேட்டையிலிருந்து ஒரு ஓட்டு, சந்தை வேண்டும். காரணம் ரொம்பச் சின்னது, கையில் எடுத்துப் பார்க்கணும். ஒருத்தர் போட்டோ அனுப்பினார், 'பார்த்திப வருஷம்' என்று முகப்பில் போட்டிருக்கிறது, 1885 பதிப்பு, எட்டாயிரம் என்றார். பார்த்திப 1885லும் வரும், அறுபது வருஷம் கழித்து 1945லும் வரும், அது அவருக்குத் தெரியாதா, தெரிந்தே சொன்னாரா, கடவுளுக்கே வெளிச்சம். நான் பின்னட்டை போட்டோ கேட்டேன், இரண்டு நாள் இழுத்தடித்து அனுப்பினார், பார்த்தால் ரேடியோ ரிப்பேர் கடை விளம்பரம்! கையில் கிடைத்திருந்தால் ஒரு நொடி வேலை. யுத்தகாலத்துத் தாள் மடித்தால் அப்பளம் மாதிரி உடையும், விரல் தொட்டாலே தெரியும்.

நான் சேர்ப்பது பாட்டுப் புத்தகம் மட்டும்தான். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே நடந்த வேலைக்குச் சாட்சி இந்த மெலிந்த புத்தகங்கள்தான். கதைச்சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பான் பாருங்க, அதைப் படிக்கிற சுகமே தனி. அந்தக் காலத்தில் படம் பார்த்துவிட்டுக் கசக்கிப் போட்டது, அதனால்தான் இன்றைக்குக் கிடைக்காது. இதை எந்த நூலகமாவது அப்போது வாங்கி அடுக்கியதா? எங்களை மாதிரிப் பைத்தியங்கள்தான் காசு கொடுத்துக் காப்பாற்றினோம்.

குகை வாசகன்:
கையில் எடுத்துப் பார்க்கலாம், அதற்கு விலை எதற்கு? கண்காட்சி வையுங்கள், நானும் வந்து நாற்காலி போடுகிறேன். அப்புறம் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து போடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகம் இருக்கிறது, மதுரைத் திட்டம் 1998லிருந்து இலவசமாக நூல்களைத் தந்துகொண்டிருக்கிறது. உங்கள் ரிச்சர்ட்ஸ் கெசட்டியரே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. படிக்கிறவனுக்கு அது போதும். போதாது என்கிறவன் படிக்க வரவில்லை, வைத்துக்கொள்ள வருகிறான்.

பைண்டர் மகன்:
குகை அண்ணா, எங்கப்பா நாற்பது வருஷம் பைண்டிங் பண்ணினவர், அந்த வேலையைப் பார்த்து வளர்ந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். நூலகத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். மேலட்டை கிழிந்திருந்தால் எடுத்து எறிந்துவிடுவோம், விளம்பரப் பக்கம் தேவையில்லை என்று உருவிவிடுவோம், மூன்று பக்கமும் மெஷினில் வெட்டி காலிகோ துணி ஒட்டிவிட்டால் பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஓரத்தில் யாராவது எழுதியிருந்தால் பாதி எழுத்து வெட்டுத்துண்டோடு போயிற்று. சொன்னபடிதான் செய்தோம், யாரும் வேறு மாதிரி செய்யச் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிற ஸ்கேன் பெரும்பாலும் இப்படி வெட்டுப்பட்ட பிரதியை வைத்து எடுத்ததுதான்.

அந்தக் காலத்தில் புத்தகம் அச்சாகுமுன்பே முன்பணம் கட்டிக் கையொப்பம் போட்டவர்கள் பெயர்ப் பட்டியல் புத்தகத்திலேயே இருக்கும், எந்த ஊர், என்ன உத்தியோகம் எல்லாம். நூறு வருஷத்துக்கு முன் சேலத்தில் யார் தமிழ் படித்தார்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அட்டையும் பட்டியலும் விளம்பரமும் அப்படியே இருக்கிற பிரதிக்குத்தான் சந்தைக்காரர் அதிகம் கேட்கிறார். அந்தக் கிராக்கி எங்கப்பா காலத்திலேயே இருந்திருந்தால் நாங்கள் மெஷினை நிறுத்தியிருப்போம்.

குகை வாசகன்:
இதற்கு உடனே பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் முடிவு எங்கே போய் நிற்கிறது பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், கையில் வந்த காசையெல்லாம் புத்தகத்திலும் நோட்டீஸிலும் போட்டார். 1992ல் அவர் போன பிறகு அந்தச் சேகரிப்பு மேஜை மேஜையாகப் பிரிந்து போகவில்லை. மொத்தமாக நின்றது, இன்றைக்குச் சென்னையில் நூலகமாக இருக்கிறது, எவனும் போய்ப் படிக்கலாம். உங்கள் சந்தை அதைப் பிரித்துத்தான் விற்றிருக்கும், நல்ல விலைக்கு ஐம்பது, மீதி எடைக்கு.

பழுப்புத்தாள்:
மொத்தமாக நின்றது ஏன்? சிகாகோ பல்கலைக்கழகம் காசு கொடுத்துக் குடும்பத்திடம் வாங்கியது, வாங்கியதை நாட்டை விட்டு எடுத்துப் போகாமல் இங்கேயே நூலகமாக்கியது. காசு வந்தது அண்ணா! முத்தையாவும் ஓசியில் சேர்க்கவில்லை, பழைய புத்தகக் கடைக்காரரிடம் விலை கொடுத்துத்தான் சேர்த்தார். சென்னையில் பழைய புத்தகம் விற்ற மூர் மார்க்கெட் 1985ல் எரிந்தபோது அழுதவர்களில் ஆய்வாளர்தானே அதிகம், அவர்களுக்குச் சரக்கு வந்த வழியே அதுதான்.

குகை வாசகன்:
மூர் மார்க்கெட்டில் நுழைவுச் சீட்டு கிடையாது. பேரம் உண்டு, மாணவனும் வாங்கினான். நீங்கள் 50 ரூபாய் சீட்டு வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தொடுவதற்கே அனுமதி கேட்க வைக்கப் போகிறீர்கள்.

பழுப்புத்தாள்:
தொடலாம், கையைக் கழுவித் துடைத்துவிட்டு. கையுறைகூட வேண்டாம், உறை போட்ட விரலுக்குத் தாளின் கனம் தெரியாமல்தான் கிழியும். மாணவர்களுக்கு, அடையாள அட்டை காட்டினால் சீட்டு இல்லை. ஒரு மூலையில் ஸ்கேன் மேஜையும் போடலாம், ஆனால் விற்ற பிறகு, வாங்கியவர் சம்மதித்தால் மட்டும்.

தறிச்சத்தம்:
ஸ்கேன் மேஜைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். முழுசாக நெட்டில் வந்துவிட்டால் பாட்டுப் புத்தகத்துக்கு யார் காசு கொடுப்பார்?

பைண்டர் மகன்:
இப்பத்தானே காப்பாற்றுகிறோம் என்றீர்கள்?

லீ பஜார் பேரன்:
புதுசாக வந்திருக்கிறேன், எல்லாவற்றையும் படித்தேன். தாத்தா டிரங்குப் பெட்டியில் 1944 மாநாட்டு நோட்டீஸ் ஒன்று இருக்கிறது, நான்காக மடித்தது, மடிப்பில் கொஞ்சம் விட்டிருக்கிறது. செல்லோடேப் ஒட்டலாமா? என்ன விலை போகும்?

ஓய்வுபெற்ற நூலகர்:
டேப் ஒட்டாதீர்கள்! பசை மஞ்சளாகி ஊறிவிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே விரித்து வையுங்கள், அழுத்த வேண்டாம்.

குகை வாசகன்:
விலையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் இரண்டு பக்கமும் தெளிவாகப் படமெடுத்து இங்கே போடுங்க, ஊரே படிக்கட்டும்.

பழுப்புத்தாள்:
படம் எதுவும் போடாதீங்க. தனிச்செய்தியில் வாங்க, நாளைக்கே லீ பஜார் வருகிறேன்.