ஹீரோவை ரசித்து எழுதினால் என்ன தப்பு?

கேள்வி (தண்டையார்பேட்டை)

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், வீட்டுக்கும் தெரியும். ஒரு வாரப் பத்திரிகையில் சினிமா பத்தி எழுதுகிறேன். ஹீரோயின் இடுப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். நானோ, ஒரு பாட்டுக் காட்சியில் மேல் பட்டன் திறந்த சட்டையும், ஹீரோவின் கழுத்தெலும்புக் குழியில் தேங்கிய வேர்வையும் என்று நாலு வரி எழுதினேன். வெட்டிவிட்டார்கள். முதல் நாள் முதல் ஷோவில் கட்அவுட் மேல் ஏறி, பால் ஊற்றி, "தலைவா!" என்று தொண்டை கிழியக் கத்துவது முக்கால்வாசி ஆம்பளைங்கதானே? அது ரசனை, இது அசிங்கமா? விட்டுவிடவா?

பதில் 1 (ராயபுரம்)

விடாதீங்க தம்பி. ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது 2018 செப்டம்பர் 6. நாலு வரிக்கு இன்னும் பயப்படுகிறார்கள் என்றால் வேறு பத்திரிகை பாருங்கள். ஒன்று மட்டும்: திரையில் தெரிவதை எவ்வளவு குறும்பாக வேண்டுமானாலும் எழுதுங்கள். "இந்த நடிகரும் அப்படித்தானாம்" என்ற கிசுகிசு மட்டும் வேண்டாம். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் பாடு.

பதில் 2 (வியாசர்பாடி)

2023-இல் 'காதல் தி கோர்' படத்தில் மம்மூட்டியே தன்பாலீர்ப்பாளராக நடித்தார், தயாரித்ததும் அவர் கம்பெனிதான். நீங்களும் அப்படி நடிப்பீங்களா என்று தமிழ் ஹீரோக்களிடம் கேட்டு எழுதுங்க தம்பி. வேர்வை வரியும் இருக்கட்டும், பெண்களும் அதைத்தான் பார்க்கிறோம்!

கேட்டவர்

சரிக்கா. கிசுகிசு எழுத மாட்டேன் அண்ணே. வெட்டின நாலு வரியை இன்றைக்கே வேறு இடத்துக்கு அனுப்புகிறேன்.