செபெனுக்கு ஒரு தமிழ்ச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

ஆப்பிரிக்காவின் காங்கோ ரும்பா இசையின் முன்னோடிப் பாடகிகள் பற்றிய கட்டுரையை எங்கள் இதழுக்காக மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1950களில் பாடிய லூசி எயெங்கா, 1973இல் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் பாடிய அபெட்டி மசிக்கினி, எம்பொங்கோ லவ், எம்பிலியா பெல் என எல்லாம் சரியாகப் போனது. 'செபென்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. பாட்டு நிதானமாகத் தொடங்கும். சரணங்கள் முடிந்ததும் கிட்டார்கள் சிறு துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசித்து வேகமெடுக்கும். கூட்டம் ஆட எழும். அந்தப் பகுதிதான் செபென். 'ஆடலிசை' எனலாமா?
– ம.

ம. அவர்களுக்கு,

ஆடலிசை வேண்டாம். அது கேட்பவர் செய்வது. செபெனைச் செய்வது கிட்டார். எம்பொங்கோ லவ் சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர், குரலால் பெயர் பெற்றவர். அவரைப் பற்றிய பத்தியில் ஆடலிசை என்று வருவது எனக்கு உறுத்துகிறது.

நம்மிடமே சொல் இருக்கிறது. வண்ணக ஒத்தாழிசைக் கலிப்பா என்ற பழைய பாவகையில் தாழிசை என்ற உறுப்புக்குப் பின் அராகம் என்ற உறுப்பு வரும். குறில்கள் நெருங்கி நடை விரைவதால் அதற்கு முடுகியல் என்றும் பெயர். தொடக்கத்தில் நிதானமான தரவு என்ற உறுப்பு, பிறகு முடுகும் உறுப்பு: செபெனின் இடமும் அதுவே. 'முடுகிசை' என்று வையுங்கள்.
– கு.

கு. ஐயா, யாப்பு படிக்காத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ரும்பாவை ரும்பா என்றுதானே எழுதுகிறோம்? செபெனையும் அப்படியே விடலாம். வடசொல்லையே எழுத்து மாற்றி ஏற்கலாம் என்று தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார்.
– சே.

சே., ரும்பா இசைவகையின் பெயர்; செபென் பாட்டின் உறுப்பு. உறுப்புக்குத் தமிழ் வேண்டும். மாட்டை முடுக்குகிறவருக்கு யாப்பு தெரியவேண்டியதில்லை, முடுகுதல் புரியும்.
– கு.

நண்பர்களே, வேரைப் பார்க்காமல் போகிறோமே. கிட்டார்காரர்கள் ஏழாம் சுரம் சேர்ந்த கூட்டொலியை ஆங்கிலத்தில் 'செவன்' என்று சொல்ல, அது செபென் ஆயிற்று என்றொரு கதை உண்டு. பழந்தமிழில் ஏழு சுரங்களின் பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்: ஏழாவது தாரம். ஆகவே 'தாரவிசை'!
– நா.

நா. அண்ணா, 'தாரம்' என்றால் மனைவி என்றுதான் படிப்பார்கள். எம்பிலியா பெல் அபெட்டியின் குழுவில் இருந்துவிட்டு 1981இல் பாடகர் தபு லேயின் அஃப்ரிசா இசைக்குழுவுக்கு வந்தவர். பலர் அவரைத் தபு லேயின் மனைவி என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். பாடகியைப் பாடகியாகக் காட்டத்தான் இந்தக் கட்டுரை. அங்கே போய் தாரமா?
– ம.

நேரமாகிறது. முதல் இடத்தில் 'செபென் எனும் முடுகிசை', அப்புறம் முடுகிசை மட்டும். கு., நா. (தாரவிசையை விட்டுக்கொடுத்து), நான் மூவரும் சரி என்கிறோம்.
– ம.

அச்சுக்குப் போகட்டும், ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. செபெனின் உயிர் வேகம் இல்லை, மடங்கி மடங்கி வருவது. தமிழ்தான் வேண்டுமென்றால் 'மடக்கிசை' என்றாவது போட்டிருக்கலாம். இன்னொன்று: 1980களிலிருந்து செபெனில் கூவி ஆட்டத்தைத் தூண்டுகிறவருக்கு 'அட்டலாக்கு' என்று பெயர். பாடகியின் குரல் ஓய்ந்ததும் அவர் குரல்தான் முன்னால் நிற்கும். எட்டாம் பக்கத்தில் அந்தச் சொல் வருகிறது. அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?
– சே.