பழைய டிவி, புது ரவுட்டர்: கடவுச்சொல் சரியாக இருந்தும் வைஃபை சேரவில்லை

செம்பருத்தி:

வணக்கம். எங்கள் வீட்டு ஸ்மார்ட் டிவி ஏழெட்டு வருடப் பழசு. பழைய ரவுட்டரோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இணைய இணைப்பு தருபவர்கள் புது ரவுட்டர் வைத்துவிட்டுப் போனதிலிருந்து டிவி வைஃபையில் சேர மாட்டேன் என்கிறது.

பட்டியலில் எங்கள் நெட்வொர்க் பெயர் தெரிகிறது. சிக்னல் கோடுகளும் முழுசாக இருக்கின்றன. கடவுச்சொல்லைக் கொடுத்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு "கடவுச்சொல் தவறு" என்று வந்து நிற்கிறது. அதே கடவுச்சொல்லில் செல்பேசி, மடிக்கணினி எல்லாம் உடனே சேர்கின்றன. 'கடவுச்சொல்லைக் காட்டு' என்பதை டிக் செய்து, எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தான் அடித்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் சரி.

அம்மா பகலில் தனியாக இருப்பவர், டிவிதான் அவருக்குத் துணை. அதனால் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். கோளாறு டிவியிலா ரவுட்டரிலா என்று தெரிந்தாலே பாதி நிம்மதி.

மாலைவெயில்:

டிவியை ஃபேக்டரி ரீசெட் போட்டுப் பாருங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

கம்பியில்லாத்தந்தி:

ரீசெட் இப்போதைக்கு வேண்டாம். ஆப்கள், லாகின்கள், சேனல் வரிசை எல்லாம் போய்விடும். அப்புறம் ஒவ்வொன்றையும் அம்மாவுக்காகத் திரும்ப உட்கார்ந்து அமைக்க வேண்டியிருக்கும். கோளாறு ரவுட்டர் பக்கம் இருந்தால் அத்தனை வேலையும் வீண். எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துவிடலாம்.

டிவியை ரிமோட்டில் அணைத்தால் அது முழுதாக அணைவதில்லை, ஸ்டாண்ட்பையில்தான் இருக்கும். உள்ளே இருக்கும் வைஃபை சில்லு பழைய நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். எனவே சுவரில் இருக்கும் பிளக்கையே பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு மாட்டுங்கள். நெட்வொர்க் பட்டியலில் உங்கள் பெயரைத் தேர்ந்து 'மறந்துவிடு' கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துப் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் செல்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, டிவியை அதில் சேருங்கள். நான் பெரிதும் நம்பும் சோதனை இதுதான். சேர்ந்தால் டிவியின் வைஃபை நலமாக இருக்கிறது, ரவுட்டரின் அமைப்பில்தான் ஏதோ ஒத்துப்போகவில்லை. சேராவிட்டால் டிவியைப் பார்க்க வேண்டும். செல்பேசியின் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 'பாதுகாப்பு' என்ற வரி இருந்தால் அதில் என்ன போட்டிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

செம்பருத்தி:

பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன், மறக்கச் சொல்லிச் சேர்த்தேன், மாற்றமில்லை. ஹாட்ஸ்பாட்டில் கடவுச்சொல் போட்டதுமே 'இணைந்தது' என்று வந்துவிட்டது! பாதுகாப்பு வரியில் 'டபிள்யூபிஏ2 பர்சனல்' என்று இருக்கிறது.

ஆனால் இணைந்த பிறகும் எந்த ஆப்பும் திறக்கவில்லை, 'இணையம் இல்லை' என்கிறது. செல்பேசியில் டேட்டா இருக்கிறது, அதே நேரத்தில் அதில் வீடியோ ஓடுகிறது. இது வேறு ஒரு பிரச்சினையா?

கம்பியில்லாத்தந்தி:

ஆமாம், உங்களிடம் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒன்றுபோலத் தெரிகிறது. வைஃபையில் சேர்வது ஒரு கட்டம், அங்கிருந்து இணையத்தை எட்டுவது அடுத்த கட்டம். உங்கள் ரவுட்டரிடம் டிவி முதல் கட்டத்திலேயே நிற்கிறது. ஹாட்ஸ்பாட்டில் முதல் கட்டத்தைத் தாண்டி இரண்டாவதில் நிற்கிறது. முதலாவதை இப்போது முடித்துவிடலாம்.

உங்கள் ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறையில் இருக்கும் என்று நினைக்கிறேன். அது 2018-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு வந்த டிவிகளுக்கு 2004 முதல் புழக்கத்தில் இருக்கும் டபிள்யூபிஏ2 மட்டும்தான் தெரியும். டபிள்யூபிஏ3-இல் சாவி பரிமாறும் முறையே வேறு. டிவி தனக்குத் தெரிந்த முறையில் கேட்கிறது, ரவுட்டர் ஏற்க மறுக்கிறது. ஏன் மறுக்கிறது என்று டிவிக்குப் புரியாததால், தன்னிடம் இருக்கும் ஒரே செய்தியான 'கடவுச்சொல் தவறு' என்பதைக் காட்டிவிடுகிறது. அந்தச் செய்தியை நம்பிக் கடவுச்சொல்லையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

ரவுட்டரின் பக்கத்துக்குள் போங்கள். செல்பேசியில் வைஃபை விவரத்தைத் திறந்தால் 'கேட்வே' அல்லது 'ரவுட்டர்' என்று ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரில் அடியுங்கள். உள்ளே நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கலாம். வயர்லெஸ், அதற்குள் பாதுகாப்பு என்று போனால் இப்போது இருக்கும் முறை தெரியும்.

முதலில் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு' என்பதைப் போட்டுப் பாருங்கள். பல டிவிகள் அதில் சேர்ந்துவிடும், சில பழைய டிவிகள் அதிலும் தடுமாறும். உங்களுடையது தடுமாறினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு (ரவுட்டர் வைஃபை அனுப்பும் அலைவரிசைகளில் ஒன்று, மற்றது 5 கிகாஹெர்ட்ஸ்) மட்டும் தனிப் பெயர் வைத்து, அதற்கு 'டபிள்யூபிஏ2 பர்சனல், ஏஇஎஸ்' கொடுங்கள். செல்பேசிகள் 5 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3-இலேயே இருக்கட்டும். கடவுச்சொல் நீளமாக இருந்தால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் இன்றைக்கும் வீட்டுக்குப் போதுமான பாதுகாப்புதான். பக்கத்திலேயே டிகேஐபி, டபிள்யூஇபி (இரண்டும் பாதுகாப்பு குறைந்த பழைய முறைகள்), 'ஓப்பன்' (கடவுச்சொல்லே இல்லாதது) என்றெல்லாம் இருக்கும். டிவி சேர்ந்தால் போதும் என்று அந்தப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

செம்பருத்தி:

ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்றுதான் இருந்தது! கலப்பில் போட்டதும் பழைய செய்தியே வந்தது. 2.4-ஐத் தனியாகப் பிரித்து டபிள்யூபிஏ2 கொடுத்தேன். டிவி சேர்ந்துவிட்டது. மிக்க நன்றி சார்.

ஆனால் ஹாட்ஸ்பாட்டில் இருந்த அதே நிலைமை இங்கேயும். வைஃபை குறிக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. 'இணைந்தது, இணையம் இல்லை.' நெட்வொர்க் நிலையைத் திறந்தால் ஐபி முகவரி 192.168.1.23 என்று காட்டுகிறது.

ஆலமரம்:

இடையில் நுழைகிறேன். அந்த எண்ணைக் கொடுத்தது நல்லது. 169.254 என்று தொடங்கியிருந்தால் ரவுட்டர் டிவிக்கு முகவரியே தரவில்லை என்று பொருள், நாம் அங்கே தேட வேண்டியிருக்கும். உங்களுக்கு 192.168 வந்திருப்பதால் ரவுட்டர் வரைக்கும் வழி திறந்திருக்கிறது. அப்புறம், வீட்டு வைஃபை, செல்பேசி டேட்டா என்ற இரண்டு வேறு வேறு பாதைகளிலும் ஒரே மாதிரி நிற்கிறது என்றால் கோளாறு பாதையில் இல்லை. டிவிக்குள்தான் இருக்கிறது.

டிவியின் செட்டிங்ஸில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். ஆண்டு என்ன காட்டுகிறது?

செம்பருத்தி:

2017 ஜனவரி 1! மணி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேர அமைப்பில் 'ஆட்டோ, ஒளிபரப்பு வழியாக' என்று இருக்கிறது. ஆனால் டிவியில் இப்போது ஆன்டெனா எதுவும் செருகியிருக்கவில்லை.

ஆலமரம்:

காரணம் அதுதான். இதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது பலரைச் சுற்றலில் விடும் விஷயம். டிவிக்காரர்கள் போர்டையே மாற்றச் சொன்ன கதைகள் உண்டு.

ஆப்கள் எல்லாம் இணையத்தில் பேசுவது பூட்டிய பாதையில். எதிரே இருக்கும் சர்வர் உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய, அது ஒரு டிஜிட்டல் சான்றிதழை நீட்டும். அந்தச் சான்றிதழில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்று இருக்கும். 2020 செப்டம்பர் முதல், பொது வலைத்தளச் சான்றிதழ்களுக்கு 398 நாளுக்கு மேல் ஆயுள் தருவதில்லை. ஆக, இன்று புழக்கத்தில் இருக்கும் எந்தச் சான்றிதழும் அண்மையில் பிறந்ததுதான். 2017-இல் நிற்கும் உங்கள் டிவிக்கு அவை அத்தனையும் இன்னும் தொடங்காத சான்றிதழ்கள். ஒன்றையும் நம்பாமல் கதவைச் சாத்திவிடுகிறது. வைஃபை சேர்ந்த பிறகு 'இணையம் இருக்கிறதா' என்று டிவி தானாகச் செய்துபார்க்கும் சோதனையும் இப்படித்தான் தோற்றிருக்கும்.

பல டிவிகளில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. பிளக்கைப் பிடுங்கினால் நேரம் போய்விடும், திரும்ப மாட்டும்போது தொழிற்சாலைத் தேதியிலிருந்து ஆரம்பிக்கும். ஒளிபரப்பிலிருந்தோ இணையத்திலிருந்தோ நேரத்தை எடுத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். உங்களுடையது ஒளிபரப்புக்காகக் காத்திருக்கிறது, ஆன்டெனா இல்லாததால் அது வரப்போவதில்லை.

நேர அமைப்பை 'மேனுவல்' ஆக்கி, இன்றைய தேதி, ஆண்டு, மணியைக் கொடுங்கள். நேர மண்டலத்தையும் சரியாக வையுங்கள். பிறகு ரிமோட்டில் மட்டும் அணைத்துப் போடுங்கள், பிளக்கைத் தொட வேண்டாம். 'இணையம் வழியாக நேரம்' என்று ஒரு தேர்வு இருந்தால் இணைப்பு வந்ததும் அதற்கு மாற்றிவிடுங்கள். அடுத்த மின்வெட்டில் இதே கதை திரும்ப வராது.

கம்பியில்லாத்தந்தி:

ஆலமரம் ஐயா சொன்னதைச் செய்யுங்கள். அதற்குப் பின்பும் ஆச்சரியக்குறி நின்றால், ஐபி அமைப்பில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) மட்டும் மேனுவலாக்கி 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். தேவைப்படாது என்றே தோன்றுகிறது.

செம்பருத்தி:

தேதியை மாற்றிய உடனே ஆச்சரியக்குறி போய்விட்டது! ஆப்கள் எல்லாம் திறக்கின்றன. டிவியே ஒரு மென்பொருள் அப்டேட் இருக்கிறது என்று கேட்டது, அதையும் போட்டுவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு சந்தேகங்கள் பாக்கி. படம் ஓடும்போது அவ்வப்போது நின்று சுற்றுகிறது, மாலையில் கூடுதலாக. அப்புறம், செல்பேசியிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்பினால் சில நேரம் டிவியின் பெயரே காட்டுவதில்லை.

கம்பியில்லாத்தந்தி:

நிற்பது 2.4-இன் இயல்பு. தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் அதிகம். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பட்டையில்தான் இரைகின்றன. மாலையில் எல்லா வீட்டிலும் வைஃபை ஓடுவதால் உங்களுக்கு அப்போது கூடுகிறது. ரவுட்டரில் 2.4-இன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி, வைஃபை சேனலை (பட்டைக்குள் இருக்கும் தடம்) 1, 6, 11 இந்த மூன்றில் காலியாக இருப்பதில் வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அவை. டிவியின் பின்புறம் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அந்த இணைப்பு எழுப்பும் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் விழும். வைஃபை பிடிக்கும் ஆன்டெனாவும் டிவியின் முதுகில்தான் இருக்கிறது.

ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு லேன் கேபிளே போட்டுவிடுங்கள், அதற்கு ஈடில்லை. நிறைய டிவிகளில் லேன் துளையின் வேகம் 100 எம்பிபிஎஸ்தான். அது குறைவு என்று சிலர் தயங்குவார்கள். 4கே படத்துக்குச் சுமார் 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும். எனவே கவலை வேண்டாம்.

செல்பேசியில் டிவி பெயர் தெரியாததற்கு, இரண்டும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிவியை 'கெஸ்ட்' (விருந்தினருக்கான தனி) நெட்வொர்க்கில் வைத்திருந்தால் அது மற்றக் கருவிகளைப் பார்க்கவிடாது. 'ஏபி ஐசொலேஷன்' என்று ஒரு தேர்வு ரவுட்டரில் ஆன் ஆகியிருந்தாலும் அப்படித்தான்.

நீர்க்குமிழி:

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன், மன்னிக்கவும். என் டிவி 5 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் வகைதான், முன்பு சேர்ந்திருக்கிறது. இப்போது அந்தப் பெயர் பட்டியலிலேயே இல்லை. செல்பேசியில் தெரிகிறது. இன்னொன்று, 2.4-க்கு 'எங்கள் வீடு' என்று தமிழில் பெயர் வைத்தேன். டிவியில் அது வெறும் கட்டங்களாகத் தெரிகிறது. 'எங்கள் வீடு 5' என்று வைக்கப் போனால் ரவுட்டர் ஏற்கவே இல்லை. அண்ணா, என்ன செய்யலாம்?

கம்பியில்லாத்தந்தி:

தம்பி, 5 கிகாஹெர்ட்ஸின் சேனல் எண்ணைப் பார். 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாரோடு பங்கிட்டுக்கொள்ளும் சேனல்கள். சில டிவிகள் அவற்றைத் தேடுவதே இல்லை. ரவுட்டர் 'ஆட்டோ'வில் இருந்தால் என்றாவது ஒருநாள் தானாக அங்கே தாவிவிடும், டிவிக்குப் பெயர் மறைந்துபோகும். 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றை நிலையாக வைத்துவிடு.

பெயர் விஷயம்: வைஃபை பெயருக்கு 32 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'எங்கள் வீடு' 10 குறியீடும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 31 பைட். அதோடு இடைவெளியும் 5-ம் சேர்த்தால் 33, அதனால்தான் ஏற்கவில்லை. கட்டங்களாகத் தெரிவது டிவியில் தமிழ் எழுத்துரு இல்லாததால். தமிழ்ப் பெயர் எனக்கும் பிடிக்கும், அதைச் செல்பேசிகள் சேரும் 5-க்கு வைத்துக்கொள். டிவி சேரும் பட்டைக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போடு, நிம்மதியாக இருக்கும்.

நீர்க்குமிழி:

சேனல் 100-இல் இருந்தது அண்ணா. 36 வைத்ததும் டிவி பட்டியலில் வந்துவிட்டது. கட்டங்களாகத்தான் தெரிகிறது, ஆனாலும் தேர்ந்தெடுத்தால் சேர்கிறது, அதனால் தமிழ்ப் பெயரை 5-க்கே வைத்துவிட்டேன்.

செம்பருத்தி:

எங்கள் வீட்டிலும் சேனலை 11-க்கு மாற்றிய பிறகு மாலையில் நிற்பது குறைந்திருக்கிறது. டிவி கெஸ்ட் நெட்வொர்க்கில் இல்லை. ஏபி ஐசொலேஷன்தான் 2.4-க்கு ஆன் ஆகியிருந்தது, அணைத்ததும் செல்பேசியில் டிவி பெயர் வந்துவிட்டது. லேன் கேபிள் போட அளவு எடுத்து வைத்திருக்கிறேன்.