ஸ்மார்ட் மீட்டர் வந்தால் வீடு தீப்பிடிக்குமா? ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்கள் சொல்லுங்கள்

காசிமேடு கலை: எங்கள் தெருவிலும் ஸ்மார்ட் மீட்டர் (ரீடிங்கைத் தானே மின்வாரியத்துக்கு அனுப்பும் மின் மீட்டர்) மாட்டப் போவதாகப் பேச்சு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தில் சில மீட்டர்கள் தீப்பிடித்ததால், 2014இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களைக் கழற்றச் சொல்லி அரசே உத்தரவிட்டது. படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக மீட்டர் தொங்கும் நம் வீடுகளில் அப்படி நடந்தால் மாடியில் இருப்பவர்கள் எந்த வழியாக இறங்குவார்கள்?

வண்ணை வயர்மேன்: அக்கா, அந்தச் செய்தி உண்மைதான். ஆனால் மீட்டருக்குள் மழைநீரும் அழுக்கும் புகுந்ததைத்தான் விசாரணையில் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அங்கே மீட்டரை வெளிச்சுவரில் சாக்கெட்டில் செருகுவார்கள். இங்கே வயரை டெர்மினலில் விட்டுத் திருகை முறுக்குகிறோம். நான் பார்த்தவரை கருகுவது பெரும்பாலும் அந்த டெர்மினல்தான். திருகு தளர்ந்தால் அந்த இடத்தில் கரண்ட் போவதற்கான தடை (ரெசிஸ்டன்ஸ்) கூடும். ஏசியும் கீசரும் சேர்ந்து ஓடும்போது அங்கே சூடு ஏறி பிளாஸ்டிக் உருகும். பழைய மீட்டரிலும் இதேதான் நடக்கும்.

மண்ணடி பாஷா: எங்கள் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டாயிற்று. அப்புறம் என்ன பயம்?

வண்ணை வயர்மேன்: பாய், நல்ல காரியம், ஷாக்கில் உயிரைக் காப்பாற்றும். ஆனால் அது பார்ப்பது கசிவை மட்டும்தான். ஓவர்லோடுக்கு எம்சிபி, அதாவது அளவுக்கு மீறி கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்ச் வேண்டும். லூஸ் கனெக்‌ஷனை இரண்டுமே கண்டுபிடிக்காது, ஏனென்றால் கரண்ட் வழக்கமான அளவில்தான் போகும். அதைவிட மோசம், பழைய பீஸ் கட்டையில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது. வயர் எரிந்தாலும் பீஸ் போகாது.

காசிமேடு கலை: தம்பி, நீங்கள் சொல்வது என் பக்கம்தான் சேர்கிறது. திருகுதான் விஷயம் என்றால், தெரு முழுக்க அவசரமாக மாட்டிக்கொண்டு போகிறவர்கள் அதைச் சரியாக முறுக்குவார்கள் என்று யார் பொறுப்பு ஏற்பது? 2023 மிக்ஜாம் புயலில் தண்ணீர் எங்கள் மீட்டர் பெட்டி வரை ஏறியது. கடல் காற்றில் பித்தளைத் திருகெல்லாம் களிம்பு பிடித்துக் கிடக்கிறது.

வண்ணை வயர்மேன்: அதை மறுக்க மாட்டேன். களிம்பேறிய, கருகிய வயர் நுனியை வெட்டிவிட்டுப் புது முனையில்தான் இணைக்க வேண்டும். மாட்டும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். பிறகு மீட்டர் பக்கம் கருகல் நாற்றமோ கீச்சென்ற சத்தமோ வந்தால் நீங்களே திறக்காதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். நம் வீட்டு மெயின் போர்டை உரிமம் உள்ள ஆளிடம் காட்டுங்கள். பெட்டிக்குக் கீழே பைக் நிறுத்துவதை இன்றே விடுங்கள், அதில் பெட்ரோல் இருக்கிறது.

மண்ணடி பாஷா: வாடகை வீட்டில் வயரிங் மாற்ற யார் காசு கொடுப்பது?

வண்ணை வயர்மேன்: வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும் பாய். சுவருக்குள் இருப்பது அவர் சொத்து.

காசிமேடு கலை: பெட்டியை வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற்றச் சொல்லி முதலில் எழுதிக் கொடுக்கிறேன். அதுவரை புது மீட்டருக்கு நான் சம்மதிக்கப் போவதில்லை.