பிலிமை முதலில் தண்ணீரில் நனைத்ததால் வானம் திட்டுத்திட்டாக வந்தது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். திருகோணமலையில் வசிக்கிறேன். எச்பி5 பிளஸ் என்னும் கறுப்பு-வெள்ளை 35 மி.மீ. பிலிம் சுருள்களை வீட்டிலேயே, ஐடி-11 என்னும் டெவலப்பரை (பிலிமில் படத்தைத் தோன்றச் செய்யும் கரைசல்) சம அளவு தண்ணீருடன் கலந்து, 20 பாகை செல்சியசில் 13 நிமிடம் கழுவுகிறேன். முதற்சுருளில் ஊசி குத்தியதுபோலத் தெளிந்த வட்டப் புள்ளிகள் விழுந்திருந்தன. அவை காற்றுக் குமிழிகளால் வந்தவை என்று ஒருவர் சொல்லக் கேட்டு, அடுத்த சுருளைக் குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் நனைத்த பின்னரே டெவலப்பரை ஊற்றினேன். புள்ளிகள் இல்லை, ஆனால் டச்சுக் குடாவில் விடியற்காலையில் எடுத்த படங்களின் வானம், நெகட்டிவில் ஈரம் காயாத சுவரைப்போலத் திட்டுத்திட்டாக இருக்கிறது. சுருள் முழுவதும் வழக்கத்தைவிடக் கறுத்தும் உள்ளது. நனைப்பதை விட்டுவிடலாமா?

மறுமொழி:
விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. இந்தப் பிலிமைத் தயாரிக்கும் இல்போர்ட் நிறுவனமும், சீரற்ற கழுவலுக்கு அது வழிவகுக்கலாம் என்பதால், முன்நனைப்பைப் பரிந்துரைப்பதில்லை. அரை நிமிடத்தில் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் படலம் ஓரிடத்தில் ஊறியும் ஓரிடத்தில் ஊறாமலும் இருக்கும். ஊறாத இடம் டெவலப்பரை உடனே உறிஞ்ச, ஊறிய இடத்திலோ அது உள்ளிருக்கும் தண்ணீரினூடாக மெல்லப் பரவ வேண்டியிருக்கும். இந்த வேறுபாடு வானம் போன்ற வெறும் பரப்பில்தான் கண்ணில் படும். நனைத்தே தீருவதென்றால் மூன்று முதல் ஐந்து நிமிடம் நனையுங்கள். குமிழிகளுக்கு அது தேவையில்லை. டெவலப்பரை ஊற்றியதும், பிலிம் கழுவும் தாங்கியின் அடியை மேசையில் இரண்டு மூன்று முறை தட்டினாலே போதும்.

கறுப்புக்குக் காரணம், டெவலப்பரின் வேகத்தைக் கூட்டும் வெப்பமாக இருக்கலாம். நம்மூர்க் குழாய்த் தண்ணீர் 20 பாகையிலா வருகிறது? பிலிம் இல்லாமல், வெறுந்தண்ணீரை வைத்து அதே முறையை ஒருதரம் செய்து, முடிவில் வெப்பமானியை விட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன், ஐயா. குழாய்த் தண்ணீர் 29 பாகை. அதில் நனைத்த தாங்கிக்குள் 20 பாகையில் ஊற்றிய தண்ணீர், 13 நிமிடத்தின் பின் 23.5 பாகையாக இருந்தது.

மறுமொழி:
அப்படியானால் 20 பாகையைப் பிடித்துவைக்க ஐஸ் கட்டியோடு போராடாமல், 24 பாகையில் ஏறத்தாழ 9 நிமிடம் கழுவுங்கள். தாங்கியையும், அசைக்காத வேளைகளில், 24 பாகைத் தண்ணீர் உள்ள பேசினில் நிறுத்தி வையுங்கள். தண்ணீர் கலக்காத ஐடி-11 வேண்டாம். அந்த வெப்பத்தில் நேரம் ஐந்து நிமிடமளவுக்குச் சுருங்கி, திட்டுகள் மீண்டும் வரக்கூடும்.