‘செயலாட்சி’: நிர்வாகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் மாற்றாக ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

மொரீஷியஸ் குடியரசின் ஆட்சித் தலைமைக்குரிய அதிகாரத்தை (executive power) ‘நிர்வாக அதிகாரம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் எழுதியிருந்தார். இங்கே ரோஸ் ஹில் நகரில் மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை. அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதியதுமே, “கோயில் நிர்வாகம் போலவா, ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டாள். காவடிக்குப் பந்தல் போடுவதும் வரவு செலவு பார்ப்பதுமே அவளறிந்த நிர்வாகம்.

இலங்கை வழக்கான ‘நிறைவேற்று அதிகாரம்’ வேறு வகையில் இடறுகிறது. பிறர் முடிவெடுக்க இவர் நிறைவேற்றுவதாக அது ஒலித்தாலும், 1978 அரசியலமைப்புக்குப் பின் அங்குள்ள வாசகருக்கு அது நினைவூட்டுவது ஒருவர் கையில் குவிந்த அதிகாரத்தையே. மொரீஷியஸில் நடந்தது அதுவன்று. ஆளுநரிடம் இருந்த அதிகாரம், 1961இல் சிவசாகர் ராம்கூலம் முதலமைச்சரான பின், சிறிது சிறிதாக அமைச்சரவைக்கு நகர்ந்தது. 1968 மார்ச் 12 அன்று நாடு விடுதலை பெற்றபோது பிரித்தானிய அரசியின் பெயரில் வைக்கப்பட்ட அவ்வதிகாரம், 24 ஆண்டுகள் கழித்து அதே நாளில் குடியரசானபோது குடியரசுத் தலைவரின் பெயருக்கு மாற்றி எழுதப்பட்டது. அரசியின் பேராளரான மகாதேசாதிபதியாக (Governor-General) இருந்த வீராசாமி ரிங்காடுவே முதல் குடியரசுத் தலைவரானார். அவரது உறைவிடமான லெ ரெதுயி மாளிகைகூட மாறவில்லை. அரசியலமைப்பின் 58ஆம் பிரிவு அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. 64ஆம் பிரிவோ, சில விலக்குகள் நீங்கலாக, அமைச்சரவையின் அறிவுரைப்படியே அதைச் செலுத்தச் சொல்கிறது. பத்திரம் ஒருவர் பெயரில், சாவிக்கொத்து இன்னொருவர் இடுப்பில்.

2014 தேர்தலில், மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், கூடுதல் அதிகாரமுள்ள குடியரசுத் தலைவரை முன்வைத்து அப்போதைய பிரதமர் நவீன் ராம்கூலமும் மற்றொரு கட்சித் தலைவரான பால் பெராஞ்சேயும் கூட்டணி அமைத்துத் தோற்றனர். அந்த வாதத்தைத் தமிழில் சொல்ல முயன்றபோதுதான், அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் யார் செலுத்துகிறார் என்பதையும் பிரித்துக் காட்டும் சொல் கையில் இல்லை என்று உணர்ந்தேன்.

ஆகவே ‘செயலாட்சி’யைப் பரிந்துரைக்கிறேன். இது என் புனைவன்று, அங்கங்கே வழங்குவதுதான். ‘ஆள்வினை’ அழகாக இருந்தாலும், குறள் அதிகாரத் தலைப்பில் விடாமுயற்சியைக் குறித்துவிட்டது. பெயரளவில் உடைமையாவது ‘செயலாட்சி உரிமை’, நடைமுறையில் செய்வது ‘செயலாட்சி செலுத்துகை’ என்று பிரிக்கலாம்; இலங்கை, அமெரிக்கத் தலைவர்களை மட்டும் ‘செயலாட்சிக் குடியரசுத் தலைவர்’ எனலாம். ஆங்கிலத்தில் Executive Council எனப்பட்ட பழைய குடியேற்றக் கால ஆலோசனை மன்றத்துக்கு இந்த அடைமொழி வேண்டாம். அது ஆளுநர் தலைமையில் கூடி அவருக்கே அறிவுரை சொன்ன மன்றம். ‘ஆளுநர் அவை’ என்றால் போதும்.